நாம் கொடுத்த வட்டம்

வட்டம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் இக்காலத்து மாணாக்கருக்குக் கவராயமும் கணிதப் புத்தகமுமே நினைவுக்கு வரும். நம் பாட்டன்மாருக்கோ அச்சொல் வேறொன்றையும் நினைவூட்டியிருக்கும். ஒருவகை நாணயத்தை மற்றொருவகை நாணயமாக மாற்றுங்கால் காசுக்கடைக்காரர் தம் கூலியாகப் பிடித்துக்கொண்ட கழிவுக்கும் வட்டம் என்றே பெயர். வட்டம் எவ்வளவு என்று முதலிற் கேட்டறிந்த பின்னரே விவரம் உள்ளவர் மடியை அவிழ்ப்பர். தமிழ் கற்பித்து வயிறு வளர்க்கும் நாமோ அச்சொல்லை அகராதியில் மட்டுமே அறிந்திருந்தோம். அதன் பொருளை அநுபவத்தில் நமக்கு விளக்கியவர், நம் வகுப்பில் ஒருநாளும் அமராத ஒரு கணித மாணாக்கர்.

2025ஆம் ஆண்டு மாசித் திங்களில் ஒரு மாலைப்பொழுது, விடுதியின் துணைக் காப்பாளர் என்னும் முறையில் நாம் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் ஆண்டு வகுப்பினரான அவர் வாயிலில் வந்து நின்றார். மிகக் குறைவாகப் பேசுபவர். இங்கிலாந்து தேசத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிற்கு மேற்படிப்பின் பொருட்டு விண்ணப்பிக்க விரும்புவதாகவும், விண்ணப்பக் கட்டணம் 60 பவுன் என்றும், அதனை இணையத்தின் வழியே அட்டையால்தான் செலுத்தவேண்டும் என்றும், தம் வீட்டில் எவரிடமும் கடல் கடந்து செல்லும் அட்டை இல்லை என்றும் தயங்கித் தயங்கிக் கூறினார். கையில் ஓர் உறை இருந்தது. அதனுள் 6,600 ரூபாய். பவுன் ஒன்று ஏறத்தாழ 110 ரூபாய் என்று செய்தித்தாளிற் கண்டு, அதனை அறுபதாற் பெருக்கி, வந்த தொகையைச் சரியாக எண்ணிக் கொண்டுவந்திருந்தார்.

இச்செய்தியைத் தொலைபேசியிற் கேட்ட அவருடைய அன்னையார், "அறுபது பவுனா! நம்ம வீட்டுல ஆறு பவுன்கூடக் கிடையாதே, ராசா!" என்று அலறிவிட்டாராம். அவ்வம்மையார்மேற் குற்றமில்லை. இங்கிலாந்தின் பழைய பொன் நாணயம் ஒரு பவுன் மதிப்பும் ஏறக்குறைய 8 கிராம் எடையும் உடையதாயிருந்தமையால், அந்நாட்டு நாணயத்தையும் நம் நாட்டுப் பெண்டிர் கழுத்திலுள்ள தங்கத்தின் அளவையும் ஒரே சொல்லால் வழங்கி வருகின்றோம். பிள்ளை விளக்கிய பின்னரே அன்னையார்க்கு உயிர் வந்தது என்று கூறி அவர் நகைத்தார். அவர் நகைத்ததை நாம் அன்றுதான் முதன்முதலிற் கண்டோம்.

நம் கடன் அட்டையை எடுத்துக் கணிப்பொறியின்முன் அமர்ந்தோம். முதல் முயற்சியிலேயே அட்டை மறுக்கப்பட்டது. நம் அட்டையில் வெளிநாட்டுச் செலவுக்கான கதவு சாத்தியிருந்ததே காரணம். 2020 மார்ச்சு 16 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, புதிதாக வழங்கப்பெறும் அட்டைகள் உள்நாட்டில் நேரிற் பயன்படுத்துவதற்கே திறந்திருக்கும். இணையத்துக்கும் வெளிநாட்டுக்கும் அட்டைக்குரியவரே திறந்துகொள்ளுதல் வேண்டும். வேண்டாதபொழுது மூடிவைக்கவும் செய்யலாம். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அந்தக் கதவு எங்கிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு நமக்கு இருபது நிமிடம் சென்றது. மாணாக்கர் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாம் முறை திரையில் ஒரு கேள்வி தோன்றிற்று. 60 பவுனாகச் செலுத்துகிறீரா, அன்றி 6,930 ரூபாயாகச் செலுத்துகிறீரா என்பதே அக்கேள்வி. ரூபாய் என்னும் கட்டத்தில் முன்னமேயே குறியிட்டிருந்தது. நாம் சிறிதும் சிந்தியாமல் அதனையே ஏற்றோம். சிந்தியாமல் என்பதும் முற்றும் உண்மையன்று. நம் வருவாயும் ரூபாய், நம் வங்கியும் ரூபாயில் நடப்பது, தொகையும் கண்முன் தெளிவாகத் தெரிகின்றது, ஆகவே நாணயமாற்று என்னும் தொல்லையே இதில் இல்லை என்று ஒரு நியாயம் நம் உள்ளத்தில் ஓடிற்று. அத்துடன், அந்நிய நாட்டார் நம் நாணயத்தை மதித்துக் கேட்கின்றனரே என்னும் ஒரு சிறு பெருமிதமும் இருந்தது. அந்தப் பெருமிதத்தின் விலை பின்னர்த் தெரிந்தது.

திங்கள் முடிவில் அட்டையின் கணக்குத்தாள் வந்தது. 6,930 ரூபாய்க்குக் கீழே வேறொரு வரியில் 69 ரூபாய் 30 காசும், அதன் மேல் வரியாக 12 ரூபாய் 47 காசும் பற்றெழுதப்பட்டிருந்தன. ஆக மொத்தம் 7,011 ரூபாய் 77 காசு. மாணாக்கரிடம் நாம் இதனைச் சொல்லவில்லை. அவரோ நாள்தோறும் நம்மைக் கண்டு, "கணக்கு வந்துவிட்டதா, ஐயா?" என்று வினவிக்கொண்டேயிருந்தார். ஒருநாள் மறைக்க இயலாமற் காட்டினோம்.

அவர் அத்தாளை நெடுநேரம் நோக்கினார். பின்னர், "6,930ஐ அறுபதால் வகுத்தால் 115 ரூபாய் 50 காசு வருகிறது, ஐயா. அன்றைக்குப் பவுன் 110தான். பவுனுக்கு ஐந்தரை ரூபாய் கூட. நூற்றுக்கு ஐந்து" என்றார். அந்த வகுத்தலைச் செய்ய வேண்டும் என்று கலைமுதுவர் பட்டம் பெற்ற நமக்குத் தோன்றவில்லை.

இதன் உள்ளே நடப்பது யாது என்பதைப் பிறகு நாம் விசாரித்து அறிந்தோம். விலையை வாங்குவோரின் நாட்டு நாணயத்தில் மாற்றிக் காட்டும் இவ்வேலையைக் கடைக்காரரின் வங்கியோ, அதற்கென அமர்த்தப்பெற்ற ஒரு நிறுவனமோ செய்கின்றது. மாற்றும் விகிதத்தை அவர்களே குறிக்கின்றனர். சந்தை விகிதத்துக்கு மேல் அவர்கள் வைக்கும் இலாபத்திற் கடைக்காரருக்கும் பங்கு உண்டு. ஆதலின் ரூபாய்க் கட்டத்தில் முன்னமேயே குறி இடப்பட்டிருப்பது உபசாரமன்று. ரூபாயில் தெரிவதனால் இது வட்டமில்லாத விலை என்று நம்மைப் போன்றவர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் வட்டம் விலைக்குள்ளேயே கரைந்து கிடக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தார் இதனை உணர்ந்து, அட்டையாற் செலுத்துவோர்க்கு இவ்விலாபம் ஐரோப்பிய மத்திய வங்கியின் குறிப்பு விகிதத்துக்கு மேல் நூற்றுக்கு எவ்வளவு என்று வெளிப்படையாகக் காட்டவேண்டும் எனத் தம் நாடுகளில் 2020 ஏப்பிரல் முதல் சட்டமாக்கியுள்ளனர்.

அவ்வளவில் நின்றிருந்தாலும் போகட்டும். அந்த 69 ரூபாய் 30 காசு எதற்கு? வங்கியில் தொலைபேசியிற் கேட்டபொழுது ஓர் அம்மையார் கட்டண அட்டவணையை நமக்குப் படித்துக் காட்டினார். செலுத்திய நாணயம் ரூபாயாயினும், பணம் பெறுபவர் வெளிநாட்டிற் பதிவுபெற்றவராயின் நூற்றுக்கு ஒன்றும், அதன்மேல் வரியும் உண்டு என்பது நம் அட்டையின் நிபந்தனை. அந்நிபந்தனைத் தாளில் நாம் கையொப்பமும் இட்டிருக்கின்றோம். எல்லா வங்கியும் இங்ஙனம் பிடிப்பதில்லை; பிடிப்பனவும் ஒரே அளவாய்ப் பிடிப்பதில்லை. ஆனால் ரூபாயில் விலை காட்டும் கடையெல்லாம் நம் நாட்டுக் கடை என்று நம்புதல் கூடாது என்பதை அன்று அறிந்தோம்.

மறுவாரம் மாணாக்கர் மீண்டும் ஓர் உறையுடன் வந்தார். உள்ளே 412 ரூபாய். இருபத்துமூன்று காசு மீதி தரவேண்டியது என்று அவர் சொல்லவில்லை. ஆயினும் அவர் அதனையும் கணக்கிட்டிருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை. வேண்டாம் தம்பி, தவறு நம்முடையது என்றோம். "கட்டணம் என்னுடையது, ஐயா" என்றார். அவர் முகத்தைப் பார்த்தபின் மறுக்க இயலவில்லை, வாங்கிக்கொண்டோம். அம்மாதம் இரண்டு சனிக்கிழமைகளிலும் அவர் ஊருக்குச் செல்லாமல் விடுதியிலேயே இருந்தார் என்பதை வருகைப் பதிவேட்டிற் பின்னர்க் கண்டோம். பேருந்துக் கட்டணம் மிச்சமாகியிருக்கும். 6,600 ரூபாய்க்கு மேற்பட்ட 412 ரூபாய் என்பது ஆசிரியராகிய நமக்கு மறந்துபோகும் தொகை; அவருக்கு அது வீட்டைக் காணாத இரண்டு வாரம்.

அதன்பின் நமக்கு இவ்விஷயத்தில் ஒருவகை வெறியே பிடித்துவிட்டது. நம் கல்லூரி வேதபாட வகுப்பிற் பயின்றவர் அனைவரும், கர்த்தர் எருசலேம் தேவாலயத்திற் காசுக்காரருடைய பலகைகளைக் கவிழ்த்த வரலாற்றை அறிவர். அவர்கள் அங்கே அமர்ந்து செய்த தொழில் யாது என்பதை நாம் அதுவரை கருதியதில்லை. ஆலயத்துக்கு ஆண்டுதோறும் ஒவ்வொருவரும் செலுத்தவேண்டிய அரைச்சேக்கல் வரியைக் கண்ட நாணயத்திற் செலுத்த இயலாது. தூய வெள்ளியாலான தீருப் பட்டணத்து நாணயமாகவே செலுத்துதல் வேண்டும். பல தேசத்தினின்றும் வரும் யாத்திரிகர் தத்தம் காசைக் கொடுத்து அதனைப் பெறுதற்பொருட்டு ஆதார் மாதத்தில் மாற்றுப் பலகைகள் இடப்பட்டன. பதினைந்தாம் நாள் நாட்டுப்புறங்களிலும், இருபத்தைந்தாம் நாள் ஆலயத்திலும் இடப்படும் என்று மிஷ்னா என்னும் யூத நூல் கூறுகின்றது. மாற்றுக்கூலிக்குக் கல்போன் என்று பெயர். நம் வட்டமேதான். அதனை யார் கொடுக்கவேண்டும், யாருக்கு விலக்கு, எவ்வளவு என்று அந்நூலிற் பெரியோர் வாதாடுகின்றனர். நம் வங்கியின் நிபந்தனைத் தாளைப் போலன்றி, அவ்வாதம் படிப்பதற்கும் சுவையாயிருக்கின்றது.

சென்னப்பட்டணத்திலும் இத்தொழில் தழைத்தே இருந்தது. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்பது கும்பினியார் கணக்கு. கடைத்தெருவில் அவ்விகிதம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஆர்க்காட்டு ரூபாய் முதலிய வேறு நாணயங்களும் புழங்கின. சராப்புகளின் கையைக் கடவாமல் ஒரு காரியமும் நடவாது. 1818இல் வெள்ளி ரூபாயே சென்னை மாகாணத்தின் தலைமை நாணயம் என்று வகுக்கப்பட்டு, வராகன் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் என விகிதமும் நிலைபெற்றது. 1835இல் கும்பினியார் ஆட்சிப்பரப்பு முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. சராப்பு தெருவை விட்டு அகன்றார். அவர் பலகை எங்கே போயிற்று என்று இப்பொழுது நாம் அறிவோம். நம் கணிப்பொறித் திரைக்குட் புகுந்துகொண்டது. முன்னாளிலாவது அவர் முகத்தைப் பார்த்துப் பேரம் பேசலாம்.

நம் நூலகத்தின் பழைய வரவேடுகளை ஒரு விடுமுறையிற் புரட்டிப் பார்த்தபொழுது மற்றொன்று விளங்கிற்று. 1930களில் இலண்டனினின்று வருவித்த புத்தகங்களுக்கு நேரே ஷில்லிங் கணக்கும் ரூபாய்க் கணக்கும் அருகருகே எழுதப்பட்டிருக்கின்றன. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரூபாய் ஒன்றுக்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ். அஃதாவது ஷில்லிங் ஒன்றுக்கு 10 அணா 8 பை. 7 ஷில்லிங் 6 பென்ஸ் விலையுள்ள புத்தகம் சரியாக ஐந்து ரூபாய். பக்கத்துக்குப் பக்கம் அதே விகிதம். நூலகர் மனப்பாடமாகவே எழுதியிருப்பார். இரு நாட்டு நாணயத்துக்கும் இருந்த அக்கட்டு, 1966 சூன் மாதத்தில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டுப் பவுன் 21 ரூபாயாகும் வரையில் நீடித்தது. 1993 முதல் விகிதத்தைச் சந்தையே நிர்ணயிக்கின்றது. நாளுக்கு நாள் மாறும் விகிதத்தினிடையே ஒருவர் ஐந்து விழுக்காட்டை மறைத்துவைத்தால், அதனைக் காண்பதற்கு அன்றைய சந்தை விலையை அறிந்து வகுத்துப் பார்க்கும் ஒரு கணித மாணாக்கர் வேண்டியிருக்கின்றது.

நிற்க. இரண்டாவது விண்ணப்பம் வந்தது. வேறொரு பல்கலைக்கழகம், கட்டணம் 50 பவுன். இம்முறை நாமிருவரும் ஆயத்தமாக இருந்தோம். திரையிற் பவுன் என்னும் கட்டத்தையே தேர்ந்தோம். அங்ஙனம் தேர்ந்தால் மாற்றும் வேலை கடைக்காரரிடமிருந்து நம் அட்டையின் வலையமைப்புக்கு வந்துவிடுகின்றது. விசா (கடவுச்சீட்டிற் குத்தும் விசா அன்று), மாஸ்டர்கார்டு ஆகிய இரு நிறுவனங்களும் தத்தம் அன்றாட விகிதத்தை இணையத்தில் யாவரும் காண வெளியிடுகின்றன. அவ்விகிதம் பெரும்பாலும் மொத்தச் சந்தை விகிதத்தை ஒட்டியே இருக்கும். அதன்மேல் நம் வங்கி தன் வட்டத்தைச் சேர்க்கும். நம் அட்டைக்கு அது நூற்றுக்கு மூன்றரை. அம்மூன்றரையின்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி. இரண்டையும் கூட்டினால் நூற்றுக்கு 4 ரூபாய் 13 காசு ஆகின்றது. 50 பவுன் 5,500 ரூபாயாயின், செலவு 5,727 ரூபாய் 15 காசு. குறைந்த தொகை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் முன்பு நாம் கொடுத்ததைவிடக் குறைவு. எதற்காக எவ்வளவு என்பதும் தெரிந்தது.

அதனையும் தவிர்க்கலாம் என்பதை நம் சக ஆசிரியர் ஒருவரிடம் அறிந்தோம். வெளிநாட்டுச் செலவுக்கு வட்டமே பிடியாத அட்டைகளைச் சில வங்கிகள் வழங்குகின்றன. அவற்றுட் சிலவற்றிற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. ஆண்டுக்கு ஒரு புத்தகம் வாங்குவார்க்கு அது வரவைவிடச் செலவாய் முடியும். பவுனையோ டாலரையோ முன்னமே விலைக்கு வாங்கி நிரப்பிவைக்கும் அட்டையும் உண்டு. பவுன் நிரப்பிய அட்டையாற் பவுனிற் செலவிடும் வரையில் மீண்டும் மாற்று இல்லை. அதே அட்டையை டாலர்க் கடையில் நீட்டினால் குறுக்கு வட்டம் பிடிப்பர். நிரப்பும்பொழுதே வங்கி தன் இலாபத்தை விகிதத்தில் வைத்துவிடுகின்றது என்பதையும் மறத்தலாகாது. எந்த அட்டையாயினும் அதன் கட்டண அட்டவணையில் அந்நிய நாணயம் பற்றிய வரி ஒன்று உண்டு. பெரும்பாலும் சிறு எழுத்தில் இருக்கும். கண்ணாடி அணிந்தேனும் அதனைப் படித்தல் நன்று.

இரண்டாம் விண்ணப்பத்திலும் ஒரு விபத்து நேர்ந்தது. திரை அசையாமல் நின்றமையால் நாம் பொத்தானை மறுமுறையும் அழுத்தினோம்; கட்டணம் இருமுறை சென்றது. பல்கலைக்கழகத்தார் நேர்மையுடன் பதினைந்து நாளில் 50 பவுனையும் திருப்பிவிட்டனர். நம் கணக்கில் வந்ததோ 5,450 ரூபாய். அன்றைய விகிதம் 109. போன வட்டமும் வரியும் திரும்பவில்லை. 277 ரூபாய் 15 காசு காற்றிற் போயிற்று. இதனை மாணாக்கர் தலையில் ஏற்ற நாம் உடன்படவில்லை. பொத்தானை அழுத்திய விரல் நம்முடையது என்றோம். அவர் அதனை ஆராய்ந்து ஒப்புக்கொண்டார்.

வைகாசியில், முதலில் விண்ணப்பித்த பல்கலைக்கழகத்தினின்றே இடம் கிடைத்தது. இடத்தை உறுதிசெய்ய 1,000 பவுன் முன்பணம். பவுன் அப்பொழுது 116 ரூபாயாகிவிட்டது. அவருடைய தமக்கையார் தம் நகையை அடகுவைத்துப் பணம் அனுப்பினார். நம் அட்டையால் 1,16,000 ரூபாயைச் செலுத்தினால் வட்டமும் வரியுமாக 4,790 ரூபாய் 80 காசு ஆகும். ஆகவே வங்கிக்கிளையின் வழியே நேரே அனுப்புவதென்று தீர்மானித்தோம். கிளையில் அவர்கள் சொன்ன விற்பனை விகிதம் 117 ரூபாய் 25 காசு. மாணவருக்கென்று சிறிது குறைக்கலாகாதா என்று நம் மாணாக்கர், பேச்சுக் குறைந்த அவரே, மேலாளரிடம் கேட்டார். 116 ரூபாய் 75 காசாகக் குறைந்தது. ஒரு வாக்கியத்தில் 500 ரூபாய்! அவரை நாம் வியந்து நோக்கினோம். கேட்டாற் குறையும் என்பது பலகையில் எழுதியிருக்கவில்லை.

பின்னர் விண்ணப்பத் தாளில் ஒரு கேள்வி வந்தது. வழிச்செலவை யார் ஏற்பது? அனுப்புவோர் முழுதும் ஏற்கலாம், இருவரும் பகிரலாம், பெறுவோரே ஏற்கலாம். முழுதும் நாமே ஏற்பதாயின் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் கூடுதல் என்றார் எழுத்தர். அதற்குள் நாணயமாற்றில் நிபுணராகிவிட்ட நாம் முந்திக்கொண்டு, பகிர்வதே போதும் என்றோம். மாணாக்கர் நம் முகத்தைப் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை; குறியிட்டார்.

வங்கிக்கு வங்கி பணம் செல்வதை ஒரு மூட்டை கப்பலிற் செல்வது போல நாம் எண்ணியிருந்தோம். அப்படியன்று. 1973இல் பெல்ஜியத்தில் தோன்றிய ஸ்விப்ட் என்னும் அமைப்பு செல்வழிச் செய்தியை மட்டுமே கொண்டு செல்லும். நம் வங்கிக்கும் அப்பல்கலைக்கழகத்தின் வங்கிக்கும் நேர்க் கணக்கு இல்லையாயின், இரண்டுக்கும் கணக்குள்ள ஓர் இடைவங்கி நடுவில் நிற்கும். பகிர்வு என்று குறித்திருந்தால் அவ்விடைவங்கி தன் கூலியைச் செல்லும் பணத்திலேயே வெட்டிக்கொள்ளும். எவ்வளவு வெட்டும் என்பதை அனுப்புமிடத்தில் எவரும் உறுதியாகச் சொல்லமாட்டார். நம் 1,000 பவுனில் 982 பவுனே போய்ச் சேர்ந்தது.

பல்கலைக்கழகத்தினின்று மடல் வந்தது. முன்பணம் முழுமையாகப் பெறப்படவில்லை. நான்கு நாளுக்குள் நிறைவு செய்யாவிடில் இடம் மற்றொருவருக்கு அளிக்கப்படும் என்று எழுதியிருந்தனர். மாணாக்கர் இரவு பத்து மணிக்கு நம் கதவைத் தட்டினார். மடலை நீட்டினார். "பதினெட்டுப் பவுன் எங்கே போயிருக்கும், ஐயா?" என்றார். சினம் இல்லை, கணக்கிற் பிழை காண முடியாதவரின் திகைப்பே இருந்தது. அந்த இரவு நாம் உறங்கவில்லை. முதலில் நம்மைக் கெடுத்தது ஆராயாமை. இப்பொழுது கெடுத்தது மிச்சம் பிடிக்கும் ஆசை. மறைவாக இருந்த வட்டத்தைத் தேடித் தேடி வெறுத்த நாம், வெளிப்படையாகக் கேட்ட ஆயிரம் ரூபாயையும் அதே பகையாகக் கருதிவிட்டோம். அவ்வாயிரம் ரூபாய் வட்டமன்று. பணம் குறையாமற் போய்ச் சேர்வதற்கான காப்பு. பிறர் பணத்தில், அதுவும் ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து இறங்கிய பணத்தில், சிக்கனம் செய்துகாட்ட நமக்கு யார் உரிமை தந்தார்?

விடிந்ததும் 18 பவுனை நம் அட்டையாலேயே செலுத்தினோம். பவுன் என்னும் கட்டத்தைத்தான் தேர்ந்தோம் என்று கூறவும் வேண்டுமோ? வட்டமும் வரியும் சேர்த்து 2,174 ரூபாய் 23 காசு. ஆயிரத்தை மிச்சம் பிடிக்க இரண்டாயிரத்துக்கு மேற்போயிற்று. அன்று மாலைக்குள் பல்கலைக்கழகத்தார் ரசீது அனுப்பிவிட்டனர். அத்தொகையை மாணாக்கரிடம் நாம் வாங்கவில்லை. அவர் உறையுடன் வந்தார். இம்முறை அவர் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிப்போனார்.

அவர் 2025 செப்டம்பரிற் கப்பலேறினார் என்று எழுதக் கை போகின்றது, விமானந்தான். புறப்படுமுன் ஒரு நாற்பது பக்கக் குறிப்பேட்டை நம்மிடம் தந்துபோனார். ஒவ்வொரு செலுத்துதலுக்கும் ஒரு வரி: நாள், தொகை, எந்த நாணயத்திற் செலுத்தியது, அன்றைய சந்தை விகிதம், கணக்கில் ஏறிய ரூபாய், கடைசிப் பத்தியில் வட்டம். அத்தலைப்பை அவர் எங்கே கற்றார் என்று வியந்து வினவினோம். ஒருநாள் நாமே வகுப்பு முடிந்து வரும் வழியில் அவரிடம் அச்சொல்லின் பழம்பொருளைச் சொன்னோமாம். நமக்கு நினைவில்லை.

அதன்பின் அவ்வேட்டில் ஏழெட்டு மாணாக்கர் எழுதியிருக்கின்றனர். தேர்வுக் கட்டணம், புத்தகம், ஆராய்ச்சி இதழின் சந்தா, ஒருவர் வாங்கிய கிதாரின் தந்தி என்று பலவும் உள. தந்தியின் விலையைவிட அதன் தபாற்கூலி பெரிது என்பதால் வட்டத்தைப் பற்றி அவர் கவலைகொள்ளவில்லை. அக்கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கின்றார். இயற்பியல் மாணாக்கியர் ஒருவர், வட்டம் பிடியாத அட்டையுள்ள தம் மாமாவின் உதவியால் அக்கட்டத்திற் சுழியம் எழுதி, அதன்மேல் இரண்டு முறை அழுத்திக் கோடிட்டிருக்கின்றார்.

இங்கிலாந்து சென்றவரிடமிருந்து தை மாதத்தில் ஒரு மடல் வந்தது. வார இறுதிகளில் ஒரு நூல்நிலையத்தில் வேலை செய்கின்றாராம். தமக்கையாரின் நகையை மீட்கச் சிறிது சிறிதாகப் பணம் அனுப்புகின்றாராம். பவுனை ரூபாயாக்கி அனுப்புவோர் மூவருடைய விகிதங்களை ஒப்பிட்டு ஓர் அட்டவணையும் இணைத்திருந்தார். கட்டணமே இல்லை என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்பவரிடமே வீட்டுக்குக் குறைந்த ரூபாய் சேர்கின்றது, ஐயா; வகுத்துப் பார்த்தேன் என்று எழுதியிருந்தார்.

குறிப்பேடு விடுதி அலுவலறையின் இரண்டாம் அலமாரியில் உள்ளது. வேண்டுவோர் மாலை நான்கு மணிக்குமேல் வந்து பார்க்கலாம், எழுதலாம். முன்பு அதனோடு ஒரு பென்சிலை நூலாற் கட்டிவைத்திருந்தோம். அதனை யாரோ அவிழ்த்துச் சென்றுவிட்டனர். ஆகையால் எழுதுகோலைக் கையோடு கொண்டுவருதல் நலம்.